எறும்புக்கு வைத்த மாவு

12 ஆகஸ்ட், திங்கள்

காலையில் எறும்புகளுக்கு மாவு வைத்தேன். கிணற்றடியில் இரண்டு புற்று, கொல்லை வேலியோரம் ஒன்று. வேலியோரத்தார் கொஞ்சம் திமிர் பிடித்தவர்கள். பச்சரிசி மாவில் சர்க்கரை கலந்திருந்தால்தான் வெளியே தலை காட்டுவார்கள்.

நூலக வாசகர் வட்டத் தலைவர் தாமோதரன் வந்திருந்தார். அவர்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, 'தனக்கென்று ஒரு கொள்கை இருப்பதன் பயன்'. "இந்த புவனகிரில உங்கள விட்டா இதப் பேச வேற யாருக்கு சார் தகுதி இருக்கு?" என்றார். நான் மறுக்கவில்லை. பொய்யான அடக்கமும் பொய்தானே. மருமகள் மாசமாக இருக்கிறாள், அவள் பிரசவம் முடியட்டும், பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பேச்சுக்கு இப்போதிருந்தே இந்த டைரியில் குறித்து வைக்கப் போகிறேன்.

என் நியதிகள் நான்கு. உயிரைக் கொல்லேன். கொன்றதைத் தின்னேன். அதை என் வாசற்படி தாண்ட விடேன். பொய் சொல்லேன். இவற்றை எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எடையளவு ஆய்வாளராக இருந்தபோது ஒரு கறிக்கடைத் தராசைச் சோதிக்கப் போனேன். கட்டிப் போட்டிருந்த ஆடு என்னையே பார்த்தது. தராசு மிகச் சரியாக இருந்தது, முத்திரை குத்திக் கொடுத்தேன். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்தேன். அது ஒரு ஜனவரி ஐந்தாம் தேதி. அன்றிலிருந்து வருடம் தவறாமல் அந்த நாளில் அன்னதானம் செய்து வருகிறேன்.

கொள்கை இருப்பவனுக்குக் குழப்பம் இல்லை. என் மனைவி ரத்தினம்மாள் நோயில் கிடந்த கடைசி மாதத்தில் முட்டை கேட்டாள். டாக்டரும் கொடுக்கச் சொன்னார். நான் அசையவில்லை. பிறகு அவளும் கேட்கவில்லை. (பேச்சில் இதைச் சேர்க்கலாமா? யோசிக்க வேண்டும்.)

13 ஆகஸ்ட், செவ்வாய்

மருமகள் சங்கவியைப் பற்றியும் எழுதி வைக்கிறேன், பேச்சுக்கு ஆகும். கடலோரக் குப்பத்துப் பெண். தாய் அஞ்சாலை கூடையில் மீன் விற்பவர், தகப்பன் இல்லை. என் மகன் இளம்பரிதி அவளைக் கல்லூரியில் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வந்து நின்றபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன் என்று காத்திருந்தார்கள். நான் ஜாதி கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. இந்த வீட்டு மருமகள் உயிர் தின்னக் கூடாது, அது ஒன்றுதான் கேட்டேன். கல்யாணத்தன்றே அந்தப் பெண் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இன்றுவரை காப்பாற்றுகிறாள்.

மகன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் நானும் அவளும்தான். "மாமா, மாமா" என்று என் பின்னாலேயே சுற்றுவாள். எனக்கு மகள் இல்லாத குறையை அவள்தான் தீர்த்தாள்.

2 செப்டம்பர், திங்கள்

டாக்டர் தமயந்தியிடம் சங்கவியைக் கூட்டிப் போனேன். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. உங்களுக்கு எட்டரைதான் இருக்கு. தினம் ஒரு கேப்சூல், மறக்கவே கூடாது. இப்படியே விட்டா பிரசவத்துல உயிருக்கே ஆபத்து" என்றார். அடுத்து முட்டை, ஈரல் என்று ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் சங்கவியே சொல்லிவிட்டாள், "அதெல்லாம் நாங்க சாப்புடறதில்ல டாக்டர். மாத்திரை மட்டும் குடுங்க." பூரித்துப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "அப்ப மாத்திரைக்கு நீங்கதான் பொறுப்பு சார்" என்றார்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு ரவூஃப் மருந்துக் கடைக்குப் போனேன். எதை வாங்கினாலும் அட்டையில் உள்ளதைப் படிப்பது என் தொழில் பழக்கம். கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், மேல்கூடு ஜெலட்டின் என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"மாட்டெலும்பு, தோலு, அதுலேந்து காய்ச்சி எடுக்கறது சார். எல்லாக் கேப்சூல் கூடும் அதுதான்."

என் கை கூசியது. அட்டையை மேசைமேல் வைத்தேன். ரவூஃப் நல்ல மனிதர், பதறிவிட்டார். "இருங்க சார், இதே மருந்து மாத்திரையா வருது, சிரப்பாவும் வருது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்" என்றார். எலும்பு விற்கிற கடையில் இனி எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அந்த நேரத்தில் எனக்கு நடை கம்பீரமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நேராக நாட்டு மருந்துக் கடை. கரிசாலைக் குளிகை, வெல்லப்பாகில் உருட்டிய கறுப்பு உருண்டை. ரத்தம் ஊறும் என்றார் கடைக்காரர். எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

"கேப்சூல்னாங்களே மாமா? இது உருண்டையா இருக்கு?"

"ரத்தம் ஊறறதுக்கும்மா."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "மாமா கையால குடுத்தா மருந்துகூட இனிக்குது" என்று சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

3 செப்டம்பர், செவ்வாய்

காலையில்தான் உறைத்தது. வாயுத் தொல்லைக்கு நான் வருடக்கணக்கில் விழுங்குவதும் கேப்சூல்தான்! ஆனால் அறியாமல் செய்தது குற்றமாகாது. கூட்டை இரண்டாகப் பிரித்து உள்ளே இருந்ததை மட்டும் வாழைப்பழத்தில் தூவிச் சாப்பிட்டேன். ஒரு குறையும் இல்லை, ஏப்பம்கூட வரவில்லை. கூட்டைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். இனி இப்படித்தான். ரவூஃபிடம் போக முடியாது, பேருந்து நிலையத்துப் பக்கம் வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டும்.

22 செப்டம்பர், ஞாயிறு

மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார். சங்கவி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் திருப்பத்தில் மறையும் வரை நின்றாள். மூச்சை உள்ளே இழுப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். "என்னம்மா, மூக்காலேயே ஒரு கட்டு கட்டிட்டியா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சமையலறையில் முகம் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

4 அக்டோபர், வெள்ளி

எறும்பு மாவு டப்பாவில் மாவு குறைகிறது. எலியாகத்தான் இருக்கும். கூண்டு வைத்திருக்கிறேன். பிடித்தால் வழக்கம்போல் வெள்ளாற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட வேண்டும்.

6 அக்டோபர், ஞாயிறு

எலி அல்ல!

மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கொல்லைப்புறம் டப்பா மூடி உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் சங்கவி கிணற்றடியில் குந்தியிருக்கிறாள். வாயெல்லாம் மாவு. பச்சை மாவை அள்ளி அள்ளித் தின்கிறாள். என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னான்னு தெரியல மாமா. பச்சரிசி, மாவு, சுண்ணாம்பு இதெல்லாம் பாத்தா வாய் ஊறுது. அடக்க முடியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? வாயில்லாச் சீவனுக்கு வைத்ததை எடுத்துத் தின்னலாமா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். அழுதாள். டப்பாவை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாலையில் மனசு கேட்காமல் அவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கி வந்து கொடுத்தேன். எறும்புகள் இன்று பட்டினி கிடந்ததுதான் வருத்தம்.

8 அக்டோபர், செவ்வாய்

டாக்டரிடம் போனோம். ரத்தம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. "மாத்திரை சாப்பிடறீங்களா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்று அதட்டினார்.

"ஒருநாள்கூட விடல டாக்டர். மாமாதான் கையில எடுத்துக் குடுப்பாங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். அவள் ஒருநாளும் விடவில்லை என்பது உண்மைதானே. "சில பேருக்கு உடம்புல ஒட்டாது, ரெண்டா சாப்பிடுங்க" என்றார் டாக்டர். இன்றிலிருந்து இரண்டு குளிகை கொடுக்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

வளைகாப்பு. குப்பத்திலிருந்து ஒரு வண்டி நிறைய வந்தார்கள். அஞ்சாலையம்மாள் எல்லாரையும் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாராம். நல்ல மரியாதை தெரிந்த அம்மாள். ஐந்து வகைச் சோறு, எல்லாம் சைவம்தான்.

சடங்கு முடிந்ததும் மகளை அழைத்துப் போக வேண்டும் என்றார். "மொதப் பிரசவம் தாய்வூட்லதான சம்மந்தி? மொகம் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது. ரெண்டு மாசம் என்கிட்ட வுடுங்க, தேத்திக் குடுக்கறன்."

எதைக் கொடுத்துத் தேற்றுவார் என்று எனக்குத் தெரியாதா? என் பேரக்குழந்தையின் முதல் மூச்சில் மீன் வாடை கூடாது. அப்படிச் சொல்லாமல், "சங்கவியே முடிவு பண்ணட்டும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தாயின் முகத்தைப் பார்த்தாள். "நான் இங்கயே இருக்கன்மா. அங்க வந்தா என்னால வாயக் கட்ட முடியாது. சத்தியம் பண்ணிருக்கன்" என்றாள். அஞ்சாலையம்மாள் மகளின் கையை எடுத்து, வளையலுக்கு மேலே வெளுத்திருந்த நகங்களைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், அவர்கள் கொண்டு வந்த முறுக்கு டப்பாவில் முறுக்குக்கு அடியில் அவித்த முட்டைகள் இருந்தன. மூன்றாம் நியதி! செம்பருத்திச் செடியடியில் குழி வெட்டிப் புதைத்தேன். சங்கவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

எதிர்வீட்டு அம்மாள், "புள்ளத்தாச்சிக்கு கலர் வந்துடுச்சு, பேரப்பிள்ள செவப்பாப் பொறக்கும்" என்றார். உண்மைதான். கறுத்த பெண், இப்போது மெழுகுபோல் இருக்கிறாள். குங்குமப்பூ வாங்காமலே இந்த நிறம். குளிகையின் மகிமை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள். மூச்சு வாங்குகிறது. நிறைமாதம் நெருங்கினால் அப்படித்தான். துணியை இனி நானே காயப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

23 டிசம்பர், திங்கள்

டாக்டர் இன்று ஆடித் தீர்த்துவிட்டார். ரத்தம் ஏழுக்கும் கீழே போய்விட்டதாம். "நாளைக்கே வந்து அட்மிட் ஆகுங்க, ரத்தம் ஏத்தியே ஆகணும். விளையாட்டு இல்ல சார் இது" என்றார். அன்னதானம் ஐந்தாம் தேதி. பந்தல், சமையல்காரர், வாழையிலை எல்லாம் சொல்லியாகிவிட்டது. வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்க முதல் இலைக்கு யார் பரிமாறுவது? "ஆறாம் தேதி கூட்டி வரேன்" என்றேன். டாக்டர் சங்கவியிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, உங்க உயிரு" என்றார்.

"மாமா சொன்னா சரியா இருக்கும் டாக்டர். மாத்திரைதான் சாப்பிடறனே, ஒண்ணும் ஆவாது."

ஏதாவது நேர்ந்தால் பொறுப்பில்லை என்று டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பயமுறுத்தாமல் இவர்களுக்குப் பிழைப்பு நடக்காது. வரும் வழியில் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எடையே தெரியவில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

அன்னதானம் அமோகமாக நடந்தது. தாமோதரன், வாசகர் வட்டத்தார், ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் வந்தார்கள். பரங்கிக்காய்க் கூட்டு அபாரம். முதல் பந்தியில் முதல் இலைக்குச் சங்கவிதான் இனிப்பு வைத்தாள். அடுத்த இலைக்குக் குனியும்போது கண்ணை இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உட்கார்ந்தபடியே எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

கடைசிப் பந்தி முடியும் நேரம் பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் இன்னும் கூட்டு வாசனை.

6 ஜனவரி, திங்கள்

பெண் குழந்தை. நலமாக இருக்கிறது. சங்கவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்கிறார்கள். அவளிடம் போவதற்கு ரத்தமே இல்லையே என்று நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொண்டே ஓடினாள். ரத்தம் கேட்டுக் கடலூருக்கு ஆள் போயிருக்கிறது.

7 ஜனவரி, செவ்வாய்

சங்கவி போய்விட்டாள்.

9 ஜனவரி, வியாழன்

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. அழுகை வருகிறது. அடக்கவில்லை.

செவ்வாய் மதியம் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆண்கள் வந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு, மேல்சட்டைகூட இல்லாமல், கால் முழுக்க மணலோடு. "எங்க ரத்தம் எடுத்துக்கங்க, எத்தினி வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று ஆஸ்பத்திரி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வராந்தா முழுக்க மீன் வாடை. நான் மூக்கைப் பொத்தவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

அன்று காலையில் கடைசியாக ஒருமுறை என்னை உள்ளே விட்டிருந்தார்கள். கண் திறந்தாள். "நேத்து மாத்திரை சாப்பிடல மாமா" என்றாள். பரவாயில்லைம்மா என்றேன்.

எறும்புக்கு மாவு வைத்தேன். நிறுத்தக் கூடாது.

16 ஜனவரி, வியாழன்

இளம்பரிதி காரியங்களுக்காகக் குவைத்திலிருந்து வந்திருக்கிறான். இன்று டாக்டரிடம் போய்க் கேட்டே தீருவேன் என்றான். நானும் கூடப் போனேன்.

டாக்டர் அவனை உட்காரவைத்துச் சொன்னார். "நான் நிறைய பாத்திருக்கேன் தம்பி. மாத்திரை சாப்பிட்டா வாந்தி வருது, கறுப்பாப் போகுதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. வீட்ல கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க. உங்க வைஃபும் அப்படித்தான் பண்ணிருக்கணும். சாப்பிட்டிருந்தா இவ்வளவு இறங்காது."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது எந்த நியதியிலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இளம்பரிதி அவள் புடவைகளை அலமாரியிலிருந்து இழுத்துக் கீழே போட்டான். "ஒரு மாத்திரையப்பா! ஒரு மாத்திரைய முழுங்க முடியாதா அவளால? என்னப் பத்தி, கொழந்தையப் பத்தி நெனைக்கவே இல்லயா?" என்று கத்தினான். நான் புடவைகளை மடித்து வைத்தேன்.

22 ஜனவரி, புதன்

பதினாறாம் நாள் காரியம்.

குழந்தையைத் தானே வளர்ப்பதாக அஞ்சாலையம்மாள் கேட்டிருந்தார். இளம்பரிதியும் அரை மனதாகச் சம்மதித்திருந்தான். "நான் திரும்பப் போயிட்டா நீங்க தனியா எப்பிடிப்பா? அத்தை வளக்கட்டும்" என்று நேற்றுகூடச் சொன்னான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பேத்தி கருவாட்டு வாடையில் வளர்வதா?

சாப்பாடு முடிந்து உறவினர் கிளம்பிய பிறகு அஞ்சாலையம்மாள் கூடத்தில் என் எதிரே வந்து நின்றார். இளம்பரிதி தூணோரம் குழந்தையோடு நின்றான்.

"சம்மந்தி, ஆஸ்பத்திரில என்னென்னவோ சொல்றாங்க. எம்பொண்ணு மாத்திரைய தின்னாம தூக்கிப் போட்டுச்சாம். மாப்பிள்ளையும் அதையே சொல்றாரு. எனக்கு நம்ப முடியல. தெனம் போன்ல கேப்பன், சாப்புட்டன்மா சாப்புட்டன்மான்னு சொல்லும். எம்பொண்ணு என்கிட்ட பொய் சொல்லாது. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது, அதுவும் சொல்லும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டரு எழுதிக் குடுத்தத அது தின்னுச்சா, தின்னலயா?"

இப்போது கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லியாக வேண்டும்.

"தின்னலம்மா" என்றேன். "டாக்டர் எழுதிக் கொடுத்ததுல ஒண்ணுகூட அவ சாப்பிடல."

இது உண்மை. எந்தக் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

அஞ்சாலையம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பொய் சொல்லிருச்சே. என்கிட்டயே பொய் சொல்லிருச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தவழ்ந்து வந்து என் காலைத் தொட்டார். நான் காலை இழுத்துக்கொள்வதற்குள் தொட்டுவிட்டார். "மன்னிச்சுக்கங்க சம்மந்தி. அவ்வளவு பாத்துக்கிட்டீங்க. எம்பொண்ணு ஒங்க பேரக் கெடுத்துட்டுப் போயிருச்சு."

குழந்தையைக் கொடுக்க இளம்பரிதி இரண்டடி முன்னால் வந்தான். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பெத்ததையே ஒழுங்கா வளக்கத் தெரியலியே எனக்கு. இங்கயே இருக்கட்டும். இதாவது ஒங்ககிட்ட உண்மையா வளரட்டும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். செருப்பைப் போட மறந்துவிட்டார். அது வாசலில் கிடக்கிறது.

28 ஜனவரி, செவ்வாய்

இளம்பரிதி குவைத் புறப்பட்டான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெரு அம்மாள் ஒருத்தரை ஏற்பாடு செய்திருக்கிறேன்.

காலையில் என் வாயுக் கேப்சூலை வாழைப்பழத்தில் தூவ உரித்தேன். கூடு ஒரு பக்கம், உள்ளே இருந்தது ஒரு பக்கம். வழக்கமாகச் செய்வதுதான். இன்று கை அப்படியே நின்றுவிட்டது. உரிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அது வேறு, இது வேறு.

பழத்தைச் சாப்பிடவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

நூலகத்தில் பேசினேன். வெளியில் நின்றுகூடக் கேட்டார்கள். துக்க வீடாயிற்றே, தள்ளி வைக்கலாம் என்று தாமோதரன் சொன்னார். சொன்ன சொல் மாறுவது எனக்குப் பழக்கமில்லை என்றேன்.

எழுதி வைத்ததைத்தான் பேசினேன். கொள்கை இல்லாதவன் காற்றில் ஆடுவான், தனக்கென்று ஒன்றைப் பிடித்தவன் எந்தப் புயலிலும் நிற்பான், என்னைப் பாருங்கள் என்றேன். சங்கவியைப் பற்றியும் சொன்னேன். மீனவப் பெண், கடைசி மூச்சுவரை கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினாள் என்றேன். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார் தாமோதரன். பட்டா என்று உடனே தடவிப் பார்த்தேன். பருத்திதான். பட்டுப்புழுவைக் கொல்ல மாட்டார்கள் என் விஷயம் தெரிந்தவர்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர், "கொள்கைக்காக நீங்க இழந்தது ஏதாவது உண்டா ஐயா?" என்று கேட்டார். தண்ணீர் குடித்தேன். "நான் எதையும் இழக்கவில்லை" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

3 பிப்ரவரி, திங்கள்

குழந்தைக்கு மெய்யம்மை என்று பெயர் பதிந்துவிட்டு வந்தேன்.

சமையலறையைச் சுத்தம் செய்யும்போது எவர்சில்வர் டப்பா கண்ணில் பட்டது. கடைசியாக வாங்கியதில் பாதிக்கு மேல் குளிகை மீதி இருந்தது. திறந்ததும் வெல்ல வாசனை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாள், "அது என்னாங்க, மாத்திரையா?" என்று கேட்டார். "ரத்தம் ஊறறதுக்கு" என்றேன். "யாருக்கு?" என்றார். காது கேளாததுபோல் கொல்லைக்கு வந்துவிட்டேன்.

வேலியோரப் புற்றின் வாயில் டப்பாவைக் கவிழ்த்தேன். சர்க்கரை கலக்காத மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காத அந்தத் திமிர்க்காரர்கள், மொய்த்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றடியாரும் மோப்பம் பிடித்துச் சேர்ந்துகொண்டார்கள். கறுப்பு உருண்டைகளை நாலைந்து பேராகச் சேர்ந்து உருட்டி இழுத்துப் போனார்கள். எத்தனை சுறுசுறுப்பு. மாலைக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு எறும்புக்கும் தீங்கில்லை.

டப்பாவைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். நாளைக்குப் புது மாவு அரைத்து அதில் போட வேண்டும்.